குடல் தட்டுன கை

இல்லக்கா, டீயெல்லாம் வேணாம். அடுப்ப அணைச்சிடுங்க. இப்பத்தான் டவுன்ல குடிச்சிட்டு வரேன். நீங்க கட்டில்லயே உக்காருங்க, நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். கதவு தெறந்தே கெடக்கட்டும். பாக்கறவங்க பாத்துட்டுப் போறாங்க. ம்? சரி சரி, நீங்க சொல்றதும் நியாயந்தான். ஒருக்களிச்சு வையுங்க.

நாளைக்குப் பத்து மணிக்குத்தானே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க? அதப் பத்திப் பேசிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நீங்க பயந்துக்க வேணாம். அடிக்கறது, உள்ள வெக்கறது, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. நான் விசாரிச்சிட்டேன். ரெண்டு பக்கமும் உக்கார வெச்சுப் பேசுவாங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா முடிஞ்சிடும். கம்ப்ளெயின்ட் குடுத்தது என் மச்சான் திம்மப்பன். முனிலட்சுமியோட அண்ணன். அவன் கோவக்காரன்க்கா, தங்கச்சி அழுதா தாங்கமாட்டான். எங்க பொண்ணு வயித்தைக் கெடுத்துட்டாங்க, இன்னும் எத்தன கொழந்தைங்களக் கெடுப்பாங்களோன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். எனக்குத் தெரியாது. அதாவது, குடுத்தது தெரியாது. குடுக்கப் போறான்னு தெரியும்.

பாப்பாவா? நீங்க அவளத்தான் மொதல்ல கேப்பீங்கன்னு நெனச்சேன். இருக்காக்கா. சாப்பிடறா. பெங்களூர் ஆஸ்பத்திரியில நாப்பது நாள் இருந்துட்டு வந்தோம். வயித்துல ஒரு ஓட்டை வெச்சு, அதுல பை ஒட்டியிருக்காங்க. வெளிக்கிப் போறதெல்லாம் அதுலதான் வருது. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல கொடலை உள்ள வெச்சுத் தெச்சிடுவாங்களாம். மொதல்ல ரொம்ப அழுதா. இப்ப அவளே சொல்றா, அப்பா, பை ரொம்பிடுச்சு, மாத்துன்னு. ஏழு வயசுக் கொழந்த. நான்தான் மாத்தறேன். முனிலட்சுமி மாத்த வந்தாலும் விடறதில்ல. நான் ஏதோ பெரிய நல்ல அப்பான்னு நர்ஸ் அம்மாங்கள்லாம் சொன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசும்.

அழாதீங்கக்கா. நீங்க அழுதா நான் எழுந்து போயிடுவேன். நெஜமாத்தான்.

நான் கம்பெனியில என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா? ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். வண்டிக்குப் போற இரும்புச் சாமான்ல வெடிப்பு இருக்குதா, ஓட்டை இருக்குதான்னு பாத்து செவப்புச் சீட்டு ஒட்டணும். பதினாலு வருசமா அதான். ஒரு பீஸ் கெட்டுப் போச்சுன்னா அதுக்கு ஒரு ஃபாரம் இருக்குதுக்கா. அதுல ஏன், ஏன்னு அஞ்சு தரம் கேட்டு எழுதணும். ஏன் வெடிச்சுது? சூடு பத்தல. ஏன் பத்தல? மீட்டர் தப்பாக் காட்டுச்சு. ஏன் தப்பாக் காட்டுச்சு? இப்படியே போவும். மத்தவங்கள்லாம் ரெண்டாவது ஏன்லயே எவனாச்சும் ஒரு காண்ட்ராக்ட் பையன் தலையில கட்டிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நான் விடமாட்டேன். அஞ்சாவது ஏன் வரைக்கும் போயி மேனேஜர் சட்டையையே புடிப்பேன். அதனால என்னக் கண்டா அங்க ஒருத்தனுக்கும் ஆவாது. அப்பேர்ப்பட்ட யோக்கியன், உங்க விஷயத்துல மொத ஏன்லயே நிறுத்திட்டேன்.

பேப்பரா? ஆமாக்கா, கொண்டாந்திருக்கேன். பாக்கெட்லதான் இருக்குது. திம்மப்பன் டைப் அடிச்சுக் குடுத்தான். படிக்கட்டுமா? வேணாமா? சரி, சுருக்கமாச் சொல்லிடறேன். பெத்தவங்களக் கேக்காம, அறியாம, நானாவே அந்தக் கொழந்தைக்குக் குடல் தட்டிட்டேன், இனிமே யாருக்கும் தட்டமாட்டேன், மன்னிச்சிடுங்க. அவ்ளோதான். கீழ ஒரு கையெழுத்து. நீங்க கன்னடத்துல போட்டாலும் பரவால்லன்னு சொன்னாங்க.

அப்படிப் பாக்காதீங்கக்கா. தெரியும். பெத்தவங்களக் கேக்காமங்கறது பொய்யி. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான்தான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு வந்து உங்க கதவத் தட்டுனேன். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கன்னடத்துல கேட்டாங்க, ஹொட்டே யாராத்ரூ ஒத்தித்ரான்னு. வயித்த யாராச்சும் அமுக்குனாங்களான்னு. வயித்துல வெளக்கெண்ண வாசன அப்படியே இருக்குது, இல்லன்னு எப்படிச் சொல்றது? முனிலட்சுமி பக்கத்துல நிக்கறா. ஷிஃப்ட் முடிஞ்சு, அந்த யூனிஃபார்மோடயே பஸ் ஏறி வந்தவ. நான் சொன்னேன், பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா இருக்காங்க, நான் கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள அவங்களாவே கூப்பிட்டுத் தட்டிட்டாங்கன்னு. யோசிக்கவே இல்லக்கா. தும்மல் மாதிரி வந்துடுச்சு. டாக்டரம்மா அத ஃபைல்ல எழுதுனாங்க. எழுதிட்டா அப்புறம் அது நெஜமாயிடுது.

அன்னிக்கு முனிலட்சுமி தெருவுல நின்னு உங்கள அந்தப் பேச்சுப் பேசுனாளே. ஜுரத்தோட இருந்த கொழந்தையப் போட்டு உருட்டுனியே, உன் கை வெளங்குமான்னு கேட்டாளே. நீங்க என்னை ஒரே ஒரு தடவ பாத்தீங்க. நான் என் செருப்பக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், இவர்தான்மா கூட்டிட்டு வந்தார்னு. ஏன் சொல்லலக்கா? அதக் கேக்கணும்னு நாலு மாசமா இருந்துச்சு.

ஓ.

அப்படியா நெனச்சீங்க. நல்லா இருந்த கொழந்த, என் கையாலதான் போச்சு, யார் கூட்டிட்டு வந்தா என்னான்னு. அதான் இந்த நாலு மாசமா யாருக்கும் தட்டறதில்லயா? மத்தூர்லேர்ந்து பஸ் ஏறி ஒரு அம்மா கொழந்தையத் தூக்கிட்டு வந்து, நீங்க கதவே தெறக்கலன்னு திரும்பிப் போச்சு. நான் அந்த டீக்கடையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொழந்த பூரா வழியும் அழுதுக்கிட்டே போச்சு. அன்னிக்கே வந்திருக்கணும். டீய வெச்சிட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதுக்கா. அவ நல்லா இருந்த கொழந்த இல்ல.

பாப்பாவுக்கு பிளட் கேன்சர்.

ஆமா. நாங்க இங்க மத்திகிரிக்குக் குடி வரதுக்கு முன்னாடியே. அந்த மொட்டை கோயில் மொட்டை இல்ல. வேண்டுதலுக்கு எறக்குனோம்னு தெருவெல்லாம் சொன்னோம், நீங்ககூட எந்தக் கோயில்னு கேட்டீங்க, நான் ஒரு கோயில் பேரு சொன்னேன். சாமி பேருல பொய்யி. மருந்து ஏத்தி முடி கொட்டிப்போச்சுக்கா. எந்திரிச்சா தலகாணியெல்லாம் முடி. மிச்சத்த முனிலட்சுமியே ஷேவ் பண்ணிவுட்டா.

ஏன் சொல்லலன்னா... முன்ன இருந்த வூட்ல சொன்னோம். ஒரே வாரம். பக்கத்து வூட்டுக் கொழந்தைங்க வெளையாட வரல. ஒட்டிக்கும்னு எவளோ சொல்லிட்டா. ஹவுஸ் ஓனரு தண்ணித் தொட்டிய மூடி வெச்சாரு, எங்க கை படக்கூடாதுன்னு. தர்ஷினி வாசப்படியில உக்காந்து, அப்பா, நான் அவங்கள ஒண்ணும் பண்ணமாட்டேன்னு சொல்லுங்கப்பான்னா. மறுநாளே வூடு தேட ஆரம்பிச்சிட்டேன். இங்க வந்ததுக்கு அப்புறம் அவ வெறும் பிரியதர்ஷினி. ரெண்டாம் க்ளாஸ். அடிக்கடி லீவு போடற பொண்ணு. அவ்ளோதான். எங்களுக்கு அது எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா.

அந்த மருந்து கேன்சரை மட்டும் அடிக்காதுக்கா, ஒடம்புல இருக்கற காவலையும் சேத்து அடிச்சிடும். கவுன்ட்டு கொறையுதுன்னுவாங்க. வெள்ளை அணு. கவுன்ட்டு கீழ போனா, சும்மா கெடக்கற கிருமியெல்லாம் எந்திரிச்சிக்கும். சில கொழந்தைங்களுக்கு அது கொடல்ல போயி உக்காந்துக்குமாம். வலப்பக்கம் கீழ, சின்னக் கொடலும் பெருங்கொடலும் சேர்ற எடத்துல. வீங்கி, செவந்து, நனைஞ்ச பேப்பர் மாதிரி ஆயிடுமாம். எல்லாருக்கும் வராது. நூத்துல ரெண்டு பேரோ மூணு பேரோ. அதுலயும் ஓட்டை வுழறது இன்னும் அபூர்வம்னாங்க. எங்க வூட்டுக்குத்தான் அபூர்வமெல்லாம் தேடி வருதே.

ஏன் பெங்களூருக்கு ஓடலன்னு கேக்கறீங்க. கேளுங்க. இதத்தான் நானும் ராத்திரி பகலாக் கேட்டுக்கறேன். அதுக்கு முன்ன ரெண்டு தடவ ஓடினேன்க்கா. அதே வயித்து வலி. கேன்சருக்குப் போடற ஊசியில ஒண்ணு மலத்தைக் கட்டிடும். கார் வெச்சு, ஹோசூர் பார்டர்ல டிராஃபிக்ல மாட்டி, கொழந்த துடிக்க, நான் ஹாரன் அடிச்சு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டு. போனா, ஒரு சின்ன வயசு டாக்டரு, மலச்சிக்கல்தான் சார், சிரப் குடுங்கன்னு சொல்லிட்டு லேசாச் சிரிச்சாரு. ரெண்டாந்தடவையும் அதே டாக்டரு, அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நான் வெக்கப்பட்டேன். வெக்கப்படக் கூடாத எடத்துல வெக்கப்பட்டுட்டு, வெக்கப்பட வேண்டிய எடத்துல தலையக் குனிஞ்சு நின்னுட்டேன்.

அன்னிக்கு முனிலட்சுமிக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு. அவங்க கம்பெனியில போனை லாக்கர்ல வாங்கி வெச்சிடுவாங்க, பத்தரை மணி வரைக்கும் பிரம்மா கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. எனக்கு மறுநாள் ஆடிட்டு. வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வராங்க, லீவுங்கற பேச்சே எடுக்காதன்னு சொல்லிட்டாங்க. பாப்பா மத்தியானத்துலேர்ந்து சுருண்டு படுத்துக்கிட்டா. வலப்பக்கம் தொட விடல. ரெண்டு தரம் வாந்தி. அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சுக்கா. இது குடல் எடம் மாறி ஏறியிருக்கும்னு. காலையில கட்டில்லேர்ந்து குதிச்சா, நானே பாத்தேன். எங்க ஊர்ல, வேப்பனப்பள்ளி பக்கத்துல, சின்ன வயசுல எனக்கு எத்தன தடவ தட்டியிருக்காங்க தெரியுமா? மாமரத்துலேர்ந்து வுழுந்தா வயித்து வலி, வாந்தி. தட்டுனா சாயங்காலமே சோறு எறங்கும்.

ஆனா உண்மையச் சொல்லணும்னா, அதுகூட காரணம் இல்ல. அது குடலா இருக்கணும்னு எனக்கு ஆச. குடல்னா ஊர்ல இருக்கற எல்லாக் கொழந்தைக்கும் வர்றது பாருங்க. கேன்சர் இல்ல. ஸ்கேனு இல்ல, ஊசி இல்ல, ஃபைலு இல்ல. எம் பொண்ணுக்கு ஒரு தடவயாச்சும் சாதாரண வியாதி வரட்டும்னு இருந்துச்சுக்கா. மத்தவங்க பொண்ணு மாதிரி, வெளக்கெண்ண தடவி, வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்து, சரியாப் போவட்டும்னு. அவ்ளோதான் நான் ஆசப்பட்டது.

நீங்க எவ்ளோ பக்குவமாத்தான் செஞ்சீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மடியில படுக்க வெச்சு, கைய மொதல்ல தேச்சு சூடு பண்ணிக்கிட்டு, பூ தொடற மாதிரி தொப்புள் பக்கமா நீவி வுட்டீங்க. அவ கத்துனதும் நிறுத்திட்டீங்க. இது வேற மாதிரி இருக்குதுப்பா, ஒடம்புக்கு வேற ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டீங்க. நான் ஒண்ணும் இல்லக்கா, நீங்க தட்டுங்கன்னேன். அப்புறந்தான் காலப் புடிச்சுத் தூக்குனீங்க. நான் சொன்னதாலதான் தூக்குனீங்க. உள்ளங்கால்ல மூணு தட்டு. காசு நீட்டுனா வாங்கமாட்டேன்னுட்டீங்க. ராத்திரி கஞ்சி குடு, சரியாப் போவும்னு சொல்லி நெத்தியில துன்னூறு வெச்சு அனுப்புனீங்க.

எட்டு மணிக்கெல்லாம் வயிறு கல்லாயிடுச்சு. ஒடம்பு கொதிச்சுது. அவ என்னக் கூப்பிடக்கூட இல்லக்கா, சும்மா பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறந்தான் காரு, பார்டரு, எல்லாம். ஆபரேஷன் முடிஞ்சு வந்த டாக்டரு சொன்னாரு, ஒரு சாண் கொடலை வெட்டி எடுத்துட்டோம்னு. நெஜமாவே ஒரு கையை விரிச்சுக் காட்டுனாரு.

உங்க கையாலதான் ஓட்டை வுழுந்துச்சா? அதத் தனியா ஒரு நாள் கேட்டேன், பெரிய டாக்டர்கிட்ட. முனிலட்சுமி இல்லாதப்ப. அவரு சொன்னாரு, சொல்ல முடியாதுப்பா, கொடலு ஏற்கனவே அழுகிப்போயிருந்துச்சு, தட்டாம இருந்தாலும் வுழுந்திருக்கலாம், தட்டுனதால ரெண்டு மணி நேரம் முன்னாடி வுழுந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்னு. ஆனா மத்தியானமே கொண்டாந்திருந்தா மருந்துலயே சரி பண்ணியிருப்போம், வெட்டியிருக்கவே வேணாம்னாரு. மத்தியானமே. அது உங்க கணக்குல வராதுக்கா. உங்ககிட்ட வந்ததே அஞ்சு மணிக்குத்தானே.

இதையெல்லாம் முனிலட்சுமிகிட்ட சொல்லிட்டியான்னா... இல்லக்கா. அவ இன்னும் உங்களத்தான் திட்டிக்கிட்டு இருக்கா. சோறு தின்னும்போது திட்டுவா, துணி மடிக்கும்போது திட்டுவா. நான் ஆமாம்பேன். திட்டறதுக்கு ஒரு ஆள் இல்லன்னா அவ ஒடஞ்சு போயிடுவான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அதுவும் பொய்யிதான். உங்கள வுட்டுட்டா அடுத்தது அவ கண்ணு எம்மேலதான் திரும்பும், அதான் பயம்.

சரி. நான் எதுக்கு வந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு பாருங்க. பேப்பர்ல...

என்னக்கா? குடுன்னா? போடறீங்களா?

இல்ல, நான் இவ்ளோ சொன்னதுக்கு அப்புறமும் நீங்க ஏன்... இருங்க, கண்ணாடி எங்க வெச்சீங்க, அந்த டிவி மேல இருக்குது பாருங்க. நானே எடுத்துத் தரேன். இந்தாங்க. பேனாவும் இருக்குது. இங்க, கீழ, இந்தக் கோட்டுக்கு மேல. பெத்தவங்களக் கேக்காமங்கறது உங்களுக்குப் பரவால்லயா? பரவால்லயா. கொழந்த பொழச்சுதே, அது போதுமா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் திம்மப்பன் வராம நான் வந்தேன்.

என்ன சொன்னீங்க?

இல்லக்கா, அப்படி இல்ல. கை மரத்துப்போச்சுன்னெல்லாம் சொல்லாதீங்க. வயசானா அப்படியெல்லாம் ஆவாது. முப்பது வருசமா ஜுரம் இருக்கற கொழந்தைய நீங்க தட்டுனதே இல்லன்னு தெருவுக்கே தெரியும். வாசல்லயே நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, மொதல்ல டாக்டர்கிட்ட போங்கன்னு திருப்பி அனுப்பிடுவீங்க. தர்ஷினியையும் பாத்தீங்க. நெத்தியில வெச்சீங்க, கழுத்துல வெச்சீங்க, பொறங்கையத் திருப்பியும் வெச்சீங்க. இப்ப நீங்க கேக்கறீங்க, சில்லுனு இருந்துச்சே, அப்புறம் எப்படி ஜுரம்னு முனிலட்சுமி சொன்னா, எங் கைக்கு ஏன் தெரியாமப் போச்சு, தெரியாத கைய வெச்சுக்கிட்டு இனிமே கொழந்தைங்களத் தொடக்கூடாது, அதனாலதான் கையெழுத்து... அதனாலதான் போடறீங்களா? இதுக்காகவா?

அக்கா, பேனாவ வையுங்க. வையுங்கன்னு சொல்றேன்ல.

உங்க கை சரியாத்தான் சொல்லுச்சு. ஜுரம் மத்தியானம் ரெண்டு மணிக்கே நூத்தி ரெண்டு இருந்துச்சு. ஜுரம் அடிச்சா மாத்திரை குடுத்து அமுக்காதீங்க, அப்படியே தூக்கிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில எங்களுக்கு அட்டையில அச்சடிச்சே குடுத்திருந்தாங்க. நான் நாலு மணிக்கு மாத்திரை குடுத்தேன். வேத்து, ஒடம்பு ஆறட்டும்னு ஒரு மணி நேரம் காத்திருந்து, மொகம் தொடச்சு, பவுடர் போட்டு, அப்புறம் கூட்டிட்டு வந்தேன்.

ஜுரம் இருந்தா நீங்க தொடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அதுக்குத்தான் குடுத்தேன்.